வெள்ளத்துக்கு வழி வகுத்த என்ஜினீயர்

ஆடி மாதம் 18-ந் தேதி. பவானி கூடுதுறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். புதுப்பெண்கள் தாலிச் சரடு மாற்றிக்கொள்கிறார்கள். முளைப்பாரி ஆற்றில் மிதக்கிறது. காவிரித் தாய்க்குக் காதோலையும் கருகமணியும் வைத்துப் படைக்கிறார்கள். ஆறு பெருகி வருவதைப் பார்த்து மகிழும் திருநாள் அது.

அதே ஆறு அளவுக்கு மீறிப் பெருகினால் என்ன ஆகும்? 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொங்குநாட்டு மக்கள் அதையும் பார்த்தார்கள்.

மேட்டூர் அணையில் இருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர். வீட்டுக் குடத்தால் அளந்தால் 2 குடம். அப்படியானால் ஒரு விநாடிக்கு 4 லட்சம் குடம் தண்ணீர்!

பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய ஊர்களில் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பிள்ளைகளையும் துணிமணிகளையும் தூக்கிக்கொண்டு, குடும்பம் குடும்பமாகப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் போய்த் தங்கினார்கள்.

காவிரி அங்கே நின்றுவிடவில்லை. நொய்யல் ஆறும் அமராவதி ஆறும் சேரும் இடங்களைக் கடந்து திருச்சியை நோக்கிப் போனது. ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் உள்ள மேலணையில் 9 மதகுகள் இடிந்து தண்ணீரோடு போய்விட்டன.

அந்த இடத்தில் முதன்முதலாக அணை கட்டியவர் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர். பெயர் ஆர்தர் காட்டன். பஞ்சாலைகள் நிறைந்த கோவையில் காட்டன் என்றால் பருத்திதான் நினைவுக்கு வரும். ஆனால் தஞ்சையிலும் கோதாவரிக் கரையிலும் காட்டன் என்றால் தண்ணீர்!

ஆற்றோடு போராடி, ஆற்றிடமே பாடம் படித்த அந்த மனிதரின் கதை இது.

பத்தாவது பிள்ளை

ஆர்தர் காட்டன் 1803-ம் ஆண்டு மே மாதம் 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனார் பெயர் ஹென்றி கால்வெலி காட்டன். வீட்டில் ஆண் பிள்ளைகள் மட்டும் 11 பேர். ஆர்தர் பத்தாவது பிள்ளை.

அவ்வளவு பிள்ளைகள் உள்ள வீட்டில் சொத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியுமா? ஒவ்வொருவரும் தன் காலில் நிற்க வேண்டியதுதான். ஆர்தர் 15 வயதில் அடிஸ்கோம் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு என்ஜினீயர்களைத் தயார் செய்த பள்ளி அது.

படிப்பு முடிந்ததும் வேல்ஸ் நாட்டில் சிறிது காலம் நில அளவை வேலை பார்த்தார். பிறகு கப்பல் ஏறினார். 1821-ம் ஆண்டு சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 18.

கோவையும் அவர் வட்டாரம்

அந்த நாளில் ஏரி, குளம், அணை, வாய்க்கால்களைக் கவனிக்கத் தனி இலாகா இருந்தது. 1822-ல் காட்டன் அதன் தென் வட்டாரத்தில் உதவி என்ஜினீயராக நியமிக்கப்பட்டார். கோவை, மதுரை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலி ஆகிய 5 ஜில்லாக்களும் அந்த வட்டாரத்துக்குள் அடங்கியவை.

அந்தக் காலத்துக் கோவை ஜில்லா மிகப் பெரியது. பவானி, ஈரோடு, தாராபுரம் எல்லாம் அதற்குள் இருந்தன. கரூரும் கோவை ஜில்லாவில்தான் இருந்தது. 1910-ல்தான் அது திருச்சி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. ஆகவே பவானியில் இருந்து கரூர் வரை காவிரியின் தென்கரை முழுவதும் கோவை ஜில்லாவின் எல்லையாக இருந்தது.

இந்த வட்டாரத்தில் ஆற்றைக் கட்டியாளும் தொழில் புதியது அல்ல. பவானியில் காலிங்கராயன் அணை அப்போதே 500 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. கோபிக்குப் பக்கத்தில் கொடிவேரி அணை இருந்தது. நொய்யல் ஆற்றில் சின்னச் சின்ன அணைகள் கட்டி, குளம் குளமாகத் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். இங்கிலீஷ் படிக்காத, என்ஜினீயர் பட்டம் வாங்காத நம் முன்னோர்கள் செய்த வேலை அது.

இப்படிப்பட்ட நாட்டில்தான் 19 வயதுக் காட்டன் தொழில் பழகினார். பாம்பன் கால்வாயையும் அளந்து பார்த்தார். 1824-ல் பர்மா யுத்தம் வந்தது. போர்முனைக்குப் போய்த் திரும்பினார். 1828-ல் அவர் கேப்டன் ஆனார். காவிரிப் பாசன வேலைகளின் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது.

இரண்டு கிளைகள்

காட்டன் பொறுப்பேற்றபோது காவிரியில் என்ன கோளாறு இருந்தது? அதைத் தெரிந்துகொள்ள ஆற்றின் போக்கைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

கொங்குநாட்டைத் தாண்டிக் கிழக்கே ஓடும் காவிரி, முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. இரண்டுக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவு இருக்கிறது.

இந்த இரண்டு கிளைகளுக்கும் வெவ்வேறு வேலை. காவிரி தஞ்சைக்குள் போகப் போகப் பல கிளைகளாகப் பிரிந்து சிறுத்துவிடும். வயல்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அதன் வேலை. பெருவெள்ளத்தைத் தாங்கும் வயிறு அதற்குக் கிடையாது. கொள்ளிடமோ அகன்ற ஆறு. மிஞ்சிய வெள்ளத்தை வாங்கிக் கடலில் கொண்டு சேர்ப்பது அதன் வேலை.

எனவே சாதாரண நாட்களில் தண்ணீர் காவிரியில் போகவேண்டும். வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தில் போகவேண்டும். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சும் விவசாயி, மண்வெட்டியும் கையுமாக மடையில் நின்று ஒரு பாத்தியை அடைத்து மறு பாத்தியைத் திறக்கிறார் அல்லவா? அதே வேலைதான். ஆனால் இந்த மடையின் அகலம் அரை மைலுக்கும் அதிகம்!

1800-ம் ஆண்டுக்குப் பிறகு நிலைமை கெட்டுக்கொண்டே வந்தது. கொள்ளிடத்தின் தரை தாழ்வானது. சரிவும் அதிகம். தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்? வருஷத்துக்கு வருஷம் அதிகத் தண்ணீர் கொள்ளிடத்தில் போயிற்று. காவிரியில் வேகம் குறைந்து மணல் படிந்தது. படியப் படியத் தரை மேடாயிற்று. மேடாக ஆக, வரும் தண்ணீர் இன்னும் குறைந்தது.

தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. இதை இப்படியே விட்டால், காவிரி மணலால் தூர்ந்து, நெற்களஞ்சியம் பாழ்பட்டுப் போகும் என்ற பயம் உண்டாயிற்று.

கல்லணை சொன்ன பாடம்

ஸ்ரீரங்கம் தீவின் கீழ்க்கோடியில் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்கி வருகின்றன. அந்த இடத்தில் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுத்து நிற்பது கல்லணை. கரிகால் சோழன் கட்டியது என்று தமிழ்நாடே கொண்டாடும் அணை.

காட்டன் அந்த அணையைக் கூர்ந்து ஆராய்ந்தார். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் என்ன தெரியுமா? அடியில் பாறையே இல்லை. வெறும் மணல்!

மணலில் கட்டிய வீடு நிற்காது என்பார்கள். மணலில் கட்டிய அணை பல நூறு ஆண்டுகளாக நிற்கிறதே, எப்படி?

பழைய காலத்து மக்கள் பெரிய பெரிய கற்களை ஆற்றில் போட்டார்கள். ஓடும் தண்ணீர் கல்லுக்கு அடியில் இருந்த மணலை அரித்தது. கல் கீழே இறங்கிற்று. அதன்மேல் இன்னொரு கல்லைப் போட்டார்கள். அதுவும் இறங்கிற்று. இப்படி இறங்கி இறங்கி, இனி அசையாது என்ற நிலைக்கு வந்த பிறகு அதன்மேல் அணையை எழுப்பினார்கள். கற்களின் இடுக்கில் களிமண்ணை வைத்து இறுக்கினார்கள்.

அணைக்கு எமனாக இருந்த ஆற்றின் அரிப்பையே அஸ்திவாரம் போடும் கூலியாளாக மாற்றிவிட்டார்கள்!

இந்த வித்தையைக் காட்டன் கற்றுக்கொண்டார். ஆழம் தெரியாத மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்பதைத் தமிழ்நாட்டின் பழைய சிற்பிகளிடம் இருந்துதான் தாங்கள் கற்றதாகப் பிற்காலத்தில் அவரே எழுதிவைத்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி, ஆளப்பட்ட மக்களைக் குருவாக ஒப்புக்கொண்டது சாதாரண விஷயம் அல்ல.

1830-ல் கல்லணையில் மணலை வெளியேற்றும் மதகுகளை அவர் அமைத்தார். அதற்குள் உடல்நிலை கெட்டது. லீவில் சீமைக்குப் போய், 1832-ல் திரும்பி வந்தார். இனி அரைகுறை வேலை உதவாது, நோயை அதன் வேரிலேயே பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தார். அந்த வேர் முக்கொம்பில் இருந்தது.

மணல்மேல் ஓர் அணை

முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஓர் அணை கட்டவேண்டும். அதற்குக் கீழே, அணைக்கரை என்ற இடத்தில் கொள்ளிடத்தில் இன்னோர் அணை கட்டவேண்டும். இதுதான் காட்டன் கொடுத்த திட்டம். முதலாவது மேலணை. இரண்டாவது கீழணை.

மேலணை உயரம் குறைவானது. சாதாரணத் தண்ணீரைத் தடுத்துக் காவிரிப் பக்கம் திருப்பும். வெள்ளம் வந்தால் அணைக்கு மேலாக வழிந்து கொள்ளிடத்தில் ஓடிவிடும். கீழணை, கொள்ளிடத்துக்குப் போன தண்ணீரையும் வீணாக்காமல் பிடித்து, தஞ்சைக்கும் தென்னார்க்காட்டுக்கும் கொடுக்கும். வீராணம் ஏரிக்கு இன்றும் தண்ணீர் வருவது அந்தக் கீழணையில் இருந்துதான்.

சொல்வது சுலபம். செய்வது? ஆறு வற்றியிருக்கும் சில மாதங்களுக்குள் வேலையை முடிக்கவேண்டும். அப்போது மேட்டூர் அணை கிடையாது. குடகு மலையில் மழை கொட்டினால் வெள்ளம் தடையில்லாமல் இறங்கி வரும். பாதி கட்டிய சுவர் அகப்பட்டால் சர்க்கார் பணமும் போகும். என்ஜினீயரின் பெயரும் போகும். அதைவிட முக்கியம், காத்திருக்கும் குடியானவர்களின் நம்பிக்கை போகும்.

மணலில் செங்கல் கிணறுகளை இறக்கி, அவற்றை நிரப்பி, அவற்றின்மேல் சுவர் எழுப்பினார்கள். கிணறு இறக்கும் தொழில் நம் ஊர்க் கொத்தர்களுக்குக் கைவந்த கலை. அதைத்தான் காட்டன் பயன்படுத்திக்கொண்டார். ஆற்றில் இருந்த இரண்டு திட்டுகளையும் சேர்த்துக்கொண்டு, 3 துண்டுகளாக ஏறக்குறைய 750 கஜ நீளத்துக்கு மேலணை எழுந்தது.

1836-ல் இரண்டு அணைகளும் முடிந்தன. காவிரியில் மறுபடி தண்ணீர் பெருகிற்று. தஞ்சை வயல்கள் பச்சை பிடித்தன.

நம் நாட்டு ரயிலின் கதையிலும் காட்டனுக்கு ஓர் இடம் உண்டு. செங்குன்றத்தில் இருந்து சென்னைக்கு ரோடு போடும் கல்லைக் கொண்டுவர 1837-ல் ஓர் இருப்புப் பாதை ஓடிற்று. இந்தியாவின் முதல் இருப்புப் பாதை என்று சொல்லப்படும் அதை அமைத்ததும் அவர்தான்.

மருந்து அளவு மீறியது

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால் ஆறு அப்படி விடவில்லை.

மேலணை தன் வேலையை நன்றாகச் செய்தது. அளவுக்கு மீறியே செய்தது! முன்பு தண்ணீர் இல்லாமல் தூர்ந்த காவிரியில் இப்போது தண்ணீர் வேகமாகப் பாய்ந்தது. படிந்த மணலை அரித்தது. தரை ஆழமாயிற்று. கரைகளையும் அரிக்கத் தொடங்கிற்று. வெள்ளக் காலத்தில், சிறிய வயிறு படைத்த காவிரிக்குள் பெரிய தண்ணீர் புகுந்தது. வறட்சிக்குப் பயந்த ஊர்கள், கரை உடையுமோ என்று பயந்தன.

பிறகு திருத்த வேலை நடந்தது. 1843-ல் மேலணையின் நடுப்பகுதி 2 அடி தாழ்த்தப்பட்டது. கொள்ளிடத்தில் கூடுதல் வெள்ளம் வழிய அது இடம் கொடுத்தது. 1845-ல் காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் கட்டினார்கள். காவிரியின் தரை மேலும் ஆழமாகாமல் அது காத்தது.

கை தேர்ந்த என்ஜினீயர் கட்டிய அணைதான். நல்ல எண்ணத்தில் கட்டியதுதான். அப்படியும் 10 வருஷத்துக்குள் திருத்தவேண்டி வந்தது. ஆற்றின் ஒரு பக்கத்தில் கை வைத்தால் அது மறுபக்கத்தில் பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்டு, மறுபடி வேலை செய்கிறவர்களுக்குத்தான் ஆறு கட்டுப்படும்.

கோதாவரிக் கரையில்

நோய் காட்டனை விட்டபாடில்லை. ஓய்வுக்காக ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவுக்குப் போனார். 1841-ல் அங்கே எலிசபெத் லியர்மந்த் என்ற மங்கையை மணந்தார். இந்தியாவுக்குத் திரும்பியபோது அவருக்கு இன்னொரு பெரிய ஆறு காத்திருந்தது.

கோதாவரி மாவட்டம் அப்போது பரிதாபமான நிலையில் இருந்தது. 1833-ஐ ஒட்டிக் கொடிய பஞ்சம் அந்தப் பக்கத்தை வாட்டியது. 1839-ல் புயலும் கடலும் சேர்ந்து கரையோரத்தை அழித்தன. ஒரு வருஷம் வெள்ளம் பயிரை அடித்துக்கொண்டு போகும். மறுவருஷம் தண்ணீர் இல்லாமல் பயிர் கருகும். அவ்வளவு பெரிய ஆறு பக்கத்தில் ஓடியும் ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள்.

காட்டன் ஆற்றங்கரை முழுவதும் சுற்றிப் பார்த்தார். காவிரியில் செய்ததையே இங்கே பெரிய அளவில் செய்யலாம் என்று 1844-ல் சர்க்காருக்கு எழுதினார். அனுமதி கிடைத்தது. 1847-ல் ராஜமகேந்திரபுரத்துக்குப் பக்கத்தில் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கிற்று.

தவளேஸ்வரம், ராலி, மத்தூர், விஜ்ஜேஸ்வரம் என்று 4 பகுதிகளாக, திட்டுகளை இணைத்து அணை கட்டினார்கள். கல் கட்டு மட்டும் 2 மைலுக்கு மேல். ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் கல்லும் மண்ணும் சுமந்தார்கள். வீணம் வீரண்ணா என்ற தெலுங்கர் காட்டனுக்கு வலக்கையாக இருந்தார். ஜனங்களிடம் பேசி வேலைக்கு ஆள் சேர்த்தவர் அவர். இங்கேயும் அடியில் மணல்தான். இங்கேயும் கல்லணையின் பாடம்தான் கை கொடுத்தது.

1852-ல் அணை முடிந்தது. வாய்க்கால்கள் நாலா பக்கமும் ஓடின. ஆற்றின் இரு பக்கமும் வெள்ளக் கரைகள் எழுந்தன. 1876-ல் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் பிடித்தது. அந்தப் பஞ்சத்தில் கோதாவரிப் படுகை தப்பியது. மற்ற ஊர்களுக்கும் தானியம் அனுப்பியது.

இன்றைக்கும் கோதாவரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் காட்டனுக்குச் சிலை உண்டு. குதிரைமேல் அமர்ந்த சிலைகளைப் பல இடங்களில் காணலாம். அவர் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடும் குடும்பங்களும் உண்டு என்கிறார்கள். வெள்ளைக்காரர் ஆட்சி போய், தெருப் பெயர்கள் மாறி, எத்தனையோ துரைமார் சிலைகள் அகற்றப்பட்ட பிறகும் இந்தச் சிலைகளுக்கு மாலை விழுகிறது.

எல்லாம் வெற்றி அல்ல

காட்டன் பிடிவாதக்காரர். ரயிலைவிடத் தண்ணீர்தான் இந்தியாவுக்கு முதல் தேவை என்று வாதாடினார். ஆறுகளை எல்லாம் கால்வாய்களால் இணைத்து, பாசனமும் படகுப் போக்குவரத்தும் நடத்தலாம் என்றார். மேலதிகாரிகளில் பலருக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

அவர் சொன்னது எல்லாம் பலித்துவிடவும் இல்லை. 1858-ல் ஒரிசாவுக்குப் போய் மகாநதியின் வெள்ளத்தைப் பார்வையிட்டுத் திட்டம் கொடுத்தார். அதை நிறைவேற்ற வந்த கம்பெனி பணமுடையில் விழுந்தது. சர்க்கார் அதை விலைக்கு வாங்கவேண்டி வந்தது. மகாநதியின் வெள்ளம் இன்றும் முழுவதும் அடங்கிவிடவில்லை. கர்நூல்-கடப்பைக் கால்வாயும் போட்ட பணத்தை எடுக்கவில்லை. ஓர் ஆற்றில் பலித்த மருந்து இன்னோர் ஆற்றில் அப்படியே பலிக்காது என்பதற்கு இவை சாட்சி.

1860-ல் காட்டன் ஓய்வு பெற்றார். 1861-ல் சர் பட்டம் கிடைத்தது. ஆனாலும் நிம்மதி இல்லை. 1878-ல், தம் 75-வது வயதில், பார்லிமெண்டுக் கமிட்டி முன்னால் நின்று பதில் சொல்லவேண்டி வந்தது. பாசன வேலைகளுக்குக் கொட்டிய பணம் லாபமா, நஷ்டமா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். கிழவர் சளைக்காமல் வாதாடினார். அணைக்குச் செலவான பணத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள், அணை இல்லாததால் செத்த உயிர்களையும் கணக்குப் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி.

கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் டார்க்கிங் என்ற ஊரில் வாழ்ந்தார். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. மண்ணை ஆழமாகக் கொத்திக் கோதுமை பயிரிட்டுச் சோதனை செய்தார். 1899-ம் ஆண்டு ஜூலை மாதம் 24-ந் தேதி, தம் 96-வது வயதில் காலமானார். மறுவருஷமே அவர் மகள் தம் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

அவர் போன பிறகு

காட்டன் இறந்த சமயத்திலேயே மேலணை மறுபடி மாறத் தொடங்கிற்று. 1899-ல் இருந்து 1904-க்குள் அது கண்மதகுகளும் இரும்புக் கதவுகளும் கொண்ட அணையாகத் திருத்திக் கட்டப்பட்டது. மொத்தம் 55 கண்கள். தேவைக்குத் தகுந்தபடி கதவைத் தூக்கவும் இறக்கவும் முடிந்தது.

1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. பவானி முதல் கடல் வரை கரையோரம் முழுவதும் சீரழிந்தது. அடுத்த வருஷம் மேட்டூரில் அணை வேலை தொடங்கி, 1934-ல் முடிந்தது. உபரித் தண்ணீர் வெளியேற 16 கண் மதகு அமைத்தார்கள். அதன் பிறகு பவானிசாகர் அணை வந்தது. அமராவதி அணை வந்தது. கொங்குநாட்டு ஆறுகளின் தலையில் பூட்டுப் போட்டதுபோல ஆயிற்று.

பூட்டு இருக்கிறது என்று வாசலில் படுத்துத் தூங்கலாமா? அணை நிரம்பிவிட்டால், வருகிற தண்ணீர் அத்தனையையும் திறந்துதானே ஆகவேண்டும்? 2018-ல் நடந்தது அதுதான்.

முக்கொம்பில் இடிந்த மதகுகள் காட்டன் கட்டியவை அல்ல. அவருக்குப் பின்னால் வந்தவை. அவற்றுக்கும் வயது 100-ஐத் தாண்டிவிட்டது. உடைப்பை உடனே பாறாங்கல்லும் மணல் மூட்டையும் போட்டு அடைத்தார்கள். பிறகு 387 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, கொள்ளிடத்தில் புதிய கதவணை கட்டப்பட்டது.

கோதாவரியிலும் இதே கதைதான். காட்டனின் பழைய அணைக்குப் பதிலாக 1982-ல் புதிய அணை கட்டி முடித்தார்கள். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1986 ஆகஸ்டில் விநாடிக்கு 35 லட்சம் கன அடி வெள்ளம் வந்தது. புதிய அணை தாங்கியது. ஆனால் கரைகள் பல இடங்களில் உடைந்து ஊர்கள் மூழ்கின. அணையை மட்டும் பலமாகக் கட்டிவிட்டுக் கரையை விட்டுவிட்டால் பயன் இல்லை என்று அந்த வெள்ளம் காட்டியது. அதன் பிறகு கரைகளை உயர்த்தினார்கள்.

நம் வீட்டு வாசலில்

வெள்ளத் தடுப்பு என்றால் உயரமான சுவர் எழுப்புவது என்று நாம் நினைக்கிறோம். காட்டனின் வாழ்க்கை வேறு விதமாகச் சொல்கிறது. வெள்ளத்துக்கு ஒரு வழி வேண்டும். காவிரிக்குக் கொள்ளிடம் அந்த வழி. அந்த வழியில் மணல் மேடு, முள்புதர், வீடு, கடை என்று எது வந்தாலும், தண்ணீர் நம் வீட்டைத் தன் வழியாக்கிக்கொள்ளும்.

கோவைக்கு நொய்யல் இருக்கிறது. முத்தண்ணன் குளம், செல்வ சிந்தாமணிக் குளம், உக்கடம் பெரிய குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் நொய்யலின் குழந்தைகள். மலையில் மழை கொட்டும்போது, ஆற்று வெள்ளத்தைப் பங்கு போட்டு வாங்கிக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் முன்னோர்கள் அந்தக் குளங்களை வெட்டினார்கள். குளத்துக்கு வரும் வாய்க்காலைக் குப்பையால் அடைத்துவிட்டு, தெருவில் வெள்ளம் வந்தது என்று வருந்தினால் யார் குற்றம்?

கரையைப் பலப்படுத்துவதும், மதகுகளுக்கு எண்ணெய் போட்டுச் சோதிப்பதும், அடியில் அரிப்பு உண்டா என்று பார்ப்பதும் மழைக்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகள். இவற்றுக்குத் திறப்பு விழா கிடையாது. மாலை மரியாதை கிடையாது. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஊர் நிம்மதியாகத் தூங்கும். அதுதான் அந்த வேலையின் பலன்.

கரிகாலன் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லணையில் இருந்து காட்டன் பாடம் படித்தார். காட்டன் கட்டியதை அடுத்து வந்தவர்கள் திருத்தினார்கள். அவர்கள் கட்டியது இடிந்தபோது நம் காலத்தவர்கள் புதிதாகக் கட்டினார்கள். அடுத்த முறை நம் பிள்ளைகளின் முறை.

வரும் ஆடிப்பெருக்கில் கூடுதுறைக்குப் போகிறவர்கள் காவிரித் தாயை வணங்கி எழும்போது, படித்துறையில் நின்றபடி கரையையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளுக்கும் அதைக் காட்டுங்கள். பெருகி வரும் ஆற்றைக் கண்டு பயமில்லாமல் கும்பிட முடிகிறது என்றால், எங்கோ யாரோ அந்தக் கரையைக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.